விரிபோணியும் முதல் விரலின் ஒன்றரை சென்டிமீட்டரும்

“பொறுமையா வாசி, தானா வந்துடும்.” வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிற யாரும் இதைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. சொல்பவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். வருஷக்கணக்கில் சாதகம் (பயிற்சி) செய்தவர்களுக்கு வந்தும் இருக்கிறது. ஆனாலும் இந்த அறிவுரையோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு, அது தீருகிற மாதிரியும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே மாதிரி தடுக்கி விழுகிற மாணவரிடம் பொறுமையாக இன்னும் நாற்பது தடவை வாசி என்றால், அவர் நாற்பது தடவை தடுக்கி விழுவார். கைக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து அந்தத் தடுக்கலே பாட்டின் பகுதி மாதிரி ஆகிவிடும். எரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உழைக்காததால் வருகிற எரிச்சல் இல்லை அது. உழைத்த உழைப்பெல்லாம் தப்புக்குப் போய்ச் சேர்ந்ததால் வருவது.

பொதுவாகப் பேசினால் இது உபதேசமாகிவிடும். அதனால் ஒரே ஒரு உருப்படியை எடுத்துக்கொள்கிறேன்: பைரவி ராகத்தில், அட தாளத்தில் அமைந்த வர்ணம் (கர்நாடக இசையில் பயிற்சிக்கும் கச்சேரி ஆரம்பத்துக்கும் வாசிக்கிற உருப்படி வகை), விரிபோணி. பச்சிமிரியம் ஆதியப்பய்யா செய்தது. தஞ்சாவூர் அரசவையில் இருந்தவர், சியாமா சாஸ்திரிக்கு குரு. வர்ணம் என்றாலே இதைத்தான் முதலில் சொல்வார்கள். அஞ்சாறு ஆதி தாள வர்ணங்களை ஒருவழியாக முடித்துவிட்டு, இனி எல்லாம் சுலபம் என்று நினைக்கிற நேரத்தில் பாடத்திட்டத்தில் இது வந்து நிற்கும். நிறைய பேர் வயலினை மூலையில் வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

சிரமம் எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் வேகம் என்பார்கள், இல்லையென்றால் நீளம் என்பார்கள். இரண்டும் அரை உண்மை. முதல் காலத்தில் (அடிப்படை வேகத்தில்) நிதானமாக வாசிக்கும்போதே கை நிற்கிற இடங்கள் இதில் உண்டு. நீளத்துக்கு மனப்பாடம் போதும். வயலினில் இந்த வர்ணம் உண்மையாகக் கேட்பவை மூன்று. ஒரே விரல் இரண்டு தைவதங்களுக்கு (‘த’ ஸ்வரத்தின் இரண்டு வகைகளுக்கு) இடம் மாறி உட்கார வேண்டும். பதினாலு எண்ணிக்கைத் தாளத்துக்கு வில் பழக வேண்டும். காலம் மாறி வேகம் இரட்டிக்கும்போது கமகமும் (ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிப்பதும்) கூடவே மாற வேண்டும். மூன்றையும் சேர்த்து “வரவே மாட்டேங்குது” என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்தால் அவிழ்க்க முடியாது.

எப்போதும் பல்லவியிலிருந்து

வீட்டில் சாதகத்துக்கு உட்கார்ந்தால் சுருதிப்பெட்டியைப் போட்டு, தந்தியைச் சேர்த்து, நேராகப் பல்லவி. தப்பு வந்தால் மறுபடி பல்லவி. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ள பழக்கம். முப்பது நிமிஷம் இப்படிப் போனால் பல்லவி பத்துத் தடவை ஆகியிருக்கும், கடைசி எத்துக்கடை ஸ்வரம் (சரண வரியை அடுத்து வரும் ஸ்வரக் கோவைகளில் ஒன்று) ஒரு தடவையோ, அதுவும் இல்லையோ. அதிலும் வர்ணத்தின் அமைப்பு ஒரு வேலை செய்கிறது: ஒவ்வொரு எத்துக்கடை ஸ்வரம் முடிந்ததும் சரண வரிக்குத் திரும்புகிறோம். ஆகவே சரண வரி தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதைச் சுற்றி இருக்கிற ஸ்வரங்கள் பச்சையாகவே கிடக்கும். பலருக்கு வர்ணம் பின்னால் போகப் போக மோசமாவதற்குக் காரணம் பின்பகுதி கடினம் என்பது மட்டும் இல்லை. அதை வாசித்ததே குறைவு.

மருந்து எளிது, ஆனால் கசக்கும். ஒரு வாரத்துக்குக் கடைசி எத்துக்கடை ஸ்வரத்திலிருந்து ஆரம்பியுங்கள். அதிலும் கடைசி ஆவர்த்தனத்திலிருந்து (தாளத்தின் கடைசி முழுச் சுற்றிலிருந்து). அது நின்றதும் அதற்கு முந்தைய ஆவர்த்தனத்தைச் சேர்த்து இரண்டாக வாசிப்பது, பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தால், வாசிக்கும்போது தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள். பயம் குறைவதை அன்றைக்கே உணரலாம். பல்லவியை நாலு நாள் தொடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. அது எங்கேயும் ஓடிப்போகாது.

தடுக்குகிற இடத்தைக் காதை நம்பிக் கண்டுபிடிக்க வேண்டாம். வாசித்துக்கொண்டே கேட்கிற காது பாதி வேலையை வில்லுக்குக் கொடுத்திருக்கிறது. போனில் பதிவு செய்து, வயலினைக் கீழே வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கவேண்டும். சுருதி விலகுகிற ஸ்வரத்தின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி. அப்புறம் அதற்கு முந்தைய இரண்டு, மூன்று ஸ்வரங்களை மட்டும் தனியாகக் கேட்டால், பெரும்பாலும் கோளாறு புள்ளி வைத்த இடத்தில் இருக்காது, அதற்கு முன்னால் இருக்கும். கேட்பது விளைவு. காரணம் கொஞ்சம் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: தந்தியைச் சரிபாருங்கள். காற்று வறண்டிருக்கும்போது பிருடை (தந்தியை முறுக்குகிற ஆணி) வழுக்கும். பஞ்சமத் தந்தி அரைக்கால் சுருதி இறங்கியிருந்தால் அதில் வாசிக்கிற தைவதமும் நிஷாதமும் என்ன செய்தாலும் பொய்யாகத்தான் பேசும். அரை மணி நேரம் தன்னைத் திட்டிக்கொண்ட பிறகு காரணம் தந்தி என்று தெரிவது தேவையில்லாத துன்பம்.

தைவதம் இரண்டு, விரல் ஒன்று

இப்போது நான் நிறைய நேரம் நிற்க விரும்புகிற இடம். பைரவி, நடபைரவி என்கிற தாய் ராகத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்தது. இறங்கும்போது சுத்த தைவதம், ஏறி மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது சதுச்ருதி தைவதம். ‘பதநிஸ’ என்றால் பெரிய தைவதம், ‘ஸநிதப’ என்றால் சின்னது. வாய்ப்பாட்டு மாணவருக்கு இது காதின் பிரச்சினை. வயலின் மாணவருக்கு விரலின் பிரச்சினையும் கூட.

நம் வயலினில் தந்திகள் ஸ, ப, ஸ, ப. மத்திய ஸ்தாயியில் ஷட்ஜத் தந்தியில் முதல் விரல் ரிஷபம், இரண்டாம் விரல் காந்தாரம், மூன்றாம் விரல் மத்யமம். அடுத்துத் திறந்த பஞ்சமத் தந்தி. அதில் முதல் விரல் தைவதம், இரண்டாவது நிஷாதம், மூன்றாவது மேல் ஷட்ஜம். பாணிக்குப் பாணி விரல் மாறும், கமகத்துக்காக ஒரே விரலில் இழுப்பதும் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் கை பழகுவது இந்த அமைப்பில்தான்.

பைரவியில் ஏறும்போது இந்த இரண்டு தந்திகளிலும் விரல்களின் இடைவெளி அச்சு அசலாக ஒன்றே. முழு அளவு வயலினில் அதிர்கிற தந்தியின் நீளம் சுமார் 32.5 சென்டிமீட்டர். கமகத்தை விட்டுவிட்டு வெறும் ஸ்தானத்தை மட்டும் கணக்குப் பார்த்தால், மேல் முனையிலிருந்து (பிருடைகள் இருக்கிற பக்கம்) முதல் விரல் 36 மில்லிமீட்டரில், இரண்டாம் விரல் 51இல், மூன்றாவது 81இல். ஷட்ஜத் தந்தியில் ‘ரிகம’வுக்கும் இதே அளவு, பஞ்சமத் தந்தியில் ‘தநிஸ’வுக்கும் இதே அளவு. அதாவது முதல் விரலும் இரண்டாம் விரலும் ஒட்டினாற்போல, மூன்றாவது தள்ளி. கைக்கு இது ரொம்ப வசதி. ஒரு அச்சைப் பழகினால் இரண்டு தந்தியிலும் ஓடும்.

இறங்கும்போதுதான் அச்சு உடைகிறது. சுத்த தைவதம் இருப்பது 20 மில்லிமீட்டரில். நிஷாதம் இருந்த இடத்திலேயே இருக்க, முதல் விரல் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்வாங்க வேண்டும். ஒட்டியிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவே இப்போது மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. ‘பதநிஸநிதப’ என்று ஒரே மூச்சில் போகும்போது ஏறுகையில் 36இல் உட்கார்ந்த அதே விரல் இறங்குகையில் 20இல் உட்கார வேண்டும்.

மாணவர்கள் செய்கிற சோதனை பெரும்பாலும் இதுதான்: ‘ஸநிதப’வில் தைவதம் தப்புகிறது, சரி, ‘ஸநிதப’வை மட்டும் தனியாக வாசித்துப் பார்ப்போம். வாசித்தால் சரியாக வருகிறது! அதனால் பிரயோகம் (அந்த ஸ்வரத் தொடர்) தெரியும், வேகம்தான் போதவில்லை என்று முடிவு கட்டி, டிக் டிக் என்று வேகம் காட்டுகிற மெட்ரோனோமைக் குறைத்து முழு ஸ்வரத்தையும் வாசிக்கிறார்கள். மறுபடி தப்புகிறது. இன்னும் குறைக்கிறார்கள். அப்போதும் தப்புகிறது. மனம் விட்டுப்போகிற தருணம் இது. இவ்வளவு மெதுவாகக்கூட வரவில்லையென்றால் எனக்கு இது லாயக்கே இல்லை என்று தோன்றிவிடும்.

திருப்பம் அதே சோதனைக்குள்ளேயே இருக்கிறது. தனியாக வாசித்தால் சரி, ஏறி இறங்கினால் தப்பு என்றால், குற்றம் இறக்கத்தில் இல்லை. முதல் விரல் ஏறும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் வேலை செய்கிற நேரம் முழுக்க அது 36 மில்லிமீட்டரிலேயே தந்தி மேல் சும்மா படுத்திருக்கிறது. இறங்கும்போது இரண்டாம் விரலை எடுத்ததும் அடியில் காத்திருந்த பெரிய தைவதம் தானாகப் பேசிவிடுகிறது. வேகம் குறைந்தாலும் கூடினாலும் படுத்த விரல் படுத்த இடத்தில்தான் இருக்கும். அதனால்தான் மெட்ரோனோம் உதவவில்லை.

ஆக நகர வேண்டிய நேரம் தைவதத்தில் இல்லை, மேல் ஷட்ஜத்தில். மூன்றாம் விரல் மேல் ஷட்ஜத்தை அழுத்தி வில் அதன் மேல் போய்க்கொண்டிருக்கும்போதே முதல் விரல் எழுந்து பின்னால் போய் 20இல் காத்திருக்க வேண்டும். இதை முதலில் வில் இல்லாமல் செய்து பார்க்கலாம். வயலினை வழக்கம்போல் மார்பிலும் வலது கணுக்காலிலும் நிறுத்தி, வலது கையைத் தொடையில் வைத்துவிட்டு, இடது கை மட்டும்: த, நி, ஸ வைத்து நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே முதல் விரலைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். பிறகு நி, த. விரல் போய்ச் சேர்ந்ததா என்று வலது கையால் தந்தியைச் சுண்டிச் சரிபார்க்கலாம். பத்துத் தடவை நிறுத்தத்தோடு. பிறகு நிறுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, கடைசியில் வில்லோடு. ஷட்ஜத்தை மட்டும் வேண்டுமென்றே நீட்டி, மற்றவற்றை இயல்பான வேகத்தில் வாசிப்பது இந்தக் கட்டத்தில் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மூன்று நாளில் ஷட்ஜத்தை நீட்டாமலே விரல் நகர ஆரம்பிக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பைரவி நிஷாதத்தை அசைக்காமல் வாசித்தால் அது பைரவியாக இராது. அசைக்கிற விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் தந்தியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அசைவு மடங்கிப்போகும். முதல் விரலை எழுப்பிப் பின்னால் கொண்டுபோகப் பழகிய பிறகு, நிஷாதத்தின் கமகமும் கேட்காமலே தெளிவாவதைப் பார்க்கலாம். ஒரு கோளாறைச் சரிசெய்யப் போய் இரண்டு சரியாகிறது. அடையாளத்துக்கு விரற்பலகையில் டேப் ஒட்டலாமா என்று கேட்பார்கள். சுத்த தைவதம் எங்கே என்று கைக்குக் காட்ட இரண்டு நாள் ஒட்டிக்கொள்ளலாம், அப்புறம் கழற்றிவிட வேண்டும். கமகத்துக்குக் கோடு கிடையாது. கோட்டைப் பார்த்து வாசிக்கிற கை கடைசிவரை கட்டையாகவே வாசிக்கும்.

அஞ்சு என்கிற ஒற்றைப்படை

வில்லில் வருகிற எரிச்சல் வேறு மாதிரி. ஸ்வரம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் என்னவோ நொண்டும். அட தாளம் அஞ்சு எண்ணிக்கை லகு (ஒரு தட்டும் விரல் எண்ணலும்) இரண்டு, திருதம் (ஒரு தட்டும் ஒரு வீச்சும்) இரண்டு: அஞ்சு, அஞ்சு, இரண்டு, இரண்டு, மொத்தம் பதினாலு. எண்ணிக்கைக்கு நாலு ஸ்வர இடம் என்றால் ஒரு ஆவர்த்தனத்தில் 56. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, எல்லா உறுப்பும் இரட்டைப்படை. எண்ணிக்கைக்கு ஒரு வில் என்று வைத்துக்கொண்டால் ஆதி தாளத்தில் லகுவும் திருதமும் எப்போதும் வில்லை வெளியே இழுத்தே ஆரம்பிக்கும். பல வருஷம் கை அதிலேயே ஊறியிருக்கிறது.

அட தாளத்தில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் லகு வெளியே இழுத்து ஆரம்பிக்கிறது: வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அஞ்சும் முடிந்தது. இரண்டாம் லகு உள்ளே தள்ளுவதில் ஆரம்பிக்கிறது. அது முடிந்து திருதம் வரும்போது மறுபடி வெளியே. ஆக ஆவர்த்தனத்தின் நட்ட நடுவில் ஒரே ஒரு இடத்தில் தட்டு விழும்போது வில் பழக்கத்துக்கு மாறாகத் தள்ளப்படுகிறது. கைக்கு அது பிடிக்காது. தட்டு என்றால் இழுக்க வேண்டும் என்று அது கற்று வைத்திருக்கிறது. எங்கேயோ ஒரு வில்லைச் சேர்த்தோ பிரித்தோ தன் பழக்கத்துக்குக் கொண்டுவரும். அந்த அவசரத்தில் ஆறாவது எண்ணிக்கையின் முதல் ஸ்வரம் நசுங்கும். பதிவைக் கேட்டால் இரண்டாம் லகு எப்போதும் ஒரு இழை முன்னாலேயே விழுந்திருக்கும்.

உண்மையான வாசிப்பில் எண்ணிக்கைக்கு ஒரு வில் என்று கண்டிப்பாக யாரும் போவதில்லை. சாகித்யம் (பாட்டின் சொற்கள்) வருகிற இடத்தில் எழுத்தையும், ஸ்வரம் வருகிற இடத்தில் பிரயோகத்தையும் ஒட்டித்தான் வில் போகும். ஆனால் இரண்டாம் லகுவைத் தள்ளி ஆரம்பிக்கத் தெரியாத கைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதற்கு ஒரு வேடிக்கையான பயிற்சி: வெறும் மேல் ஷட்ஜம், அட தாளம், எண்ணிக்கைக்கு ஒரு வில், ஆறாவது எண்ணிக்கையில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம். இரண்டு நிமிஷம். பிறகு அதே வில்லில் பைரவி ஆரோகண அவரோகணம் (ராகத்தின் ஏறு, இறங்கு வரிசை). பிறகு வர்ணம். ஸ்வரத்தையும் வில்லையும் ஒன்றாகத் திருத்தப் பார்ப்பதால்தான் இரண்டும் திருந்துவதில்லை.

தாளத்துக்கு என்ன செய்வது என்பதும் வயலின்காரருக்குத் தனிப் பாடு. இரண்டு கையும் வேலையில் இருக்கிறது. காலால் தட்டலாம் என்றால் வலது கணுக்காலில்தான் வயலினின் தலை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலை ஆட்டினால் வாத்தியமே ஆடும், வில் தந்தியிலிருந்து துள்ளும். இடது கால் கட்டைவிரலால் மெல்லத் தட்டலாம். வகுப்பில் சார் தாளம் போடுகிறார், கூடவே வாசிக்கிறார், அதனால் வந்துவிடுகிறது. வீட்டில் அது போய்விடுகிறது. மெட்ரோனோம் டிக் டிக் என்று அடிக்குமே தவிர, லகு எது திருதம் எது என்று சொல்லாது. தாள ஆப்களில் அட தாளம் இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால், மெட்ரோனோமை 40இல் வைத்துக்கொண்டு, கையால் தட்டி விரல் எண்ணி வீசித் தாளம் போட்டு, தட்டு விழும் இடத்தில் வாயால் எண்ணைச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்வதுதான் மேல். அந்த வேகத்தில் ஒரு ஆவர்த்தனம் 21 விநாடி, பத்து ஆவர்த்தனத்துக்கு மூன்றரை நிமிஷம். பதிவு செய்யும்போதே தாளம் உடம்பில் பாதி ஏறிவிடும்.

இரண்டாம் காலம் என்பது இரட்டிப்பு இல்லை

40இல் முதல் காலம் வாசிக்கும்போது ஒரு ஸ்வர இடத்துக்கு முக்கால் விநாடியில் பாதி, சுமார் 0.38 விநாடி கிடைக்கிறது. இரண்டாம் காலத்தில் 0.19. தாளம் மாறாது, கை மட்டும் ஒரே எகிறில் இரட்டிப்பாக வேண்டும். நடுவில் படியே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் படி உண்டு. தாளத்தைப் பாதியாக்கி இரண்டாம் காலம் வாசிப்பது. மெட்ரோனோம் 40லேயே இருக்கட்டும், இரண்டு டிக்குக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கையின் வேகம் முதல் கால வேகம்தான், ஆனால் மனசு இரண்டாம் காலத்தின் தாளக் கணக்கில் போகிறது. கை தெரிந்ததைச் செய்யும்போது கணக்கு பழகும். அது நின்ற பிறகு 44, 48, 52 என்று ஏற்றிக்கொண்டு போனால் 80இல் அசல் இரண்டாம் காலத்துக்கு வந்து சேரலாம். ஒரே நாளில் இரண்டு படிக்கு மேல் ஏறாமல் இருப்பது நல்லது. ஏறினால் மறுநாள் இறங்க வேண்டி வரும்.

60 தாண்டும்போது ஒரு இடத்தில் எல்லாம் குழம்பும். அங்கே வேகத்தைத் திட்டிப் பயனில்லை, கமகத்தைப் பார்க்கவேண்டும். முதல் காலத்தில் இரண்டு இடம் நீளமுள்ள காந்தாரத்தில் மத்யமத்தைத் தொட்டு இறங்குகிற அசைவு இரண்டு தடவை தாராளமாகக் கொள்ளும். அதே காந்தாரத்துக்கு இரண்டாம் காலத்தில் ஒன்றுதான் கொள்ளும். ஒரு இடமே உள்ள காந்தாரத்தில் முழு அசைவுக்கு இடமே இல்லை, மத்யமத்திலிருந்து விழுகிற ஒரு சாயல் மட்டும் தான் கிடைக்கும். இதை யாரும் எழுதித் தருவதில்லை. நோட்டில் இரண்டு காலத்துக்கும் அதே ‘க’ தான் இருக்கிறது. நல்ல மாணவர்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார். முதல் காலத்தில் சிரத்தையாகப் பழகிய கமகத்தை விட மனசில்லாமல் அத்தனையையும் இரண்டாம் காலத்தில் திணிப்பார், ஒவ்வொரு எண்ணிக்கையிலும் இழை இழையாகப் பின்தங்குவார், திருதத்தில் துரத்திப் பிடிப்பார்.

இதற்கு வயலினைக் கீழே வைத்துவிட்டுப் பாடுவதுதான் வழி. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. தாளம் போட்டுக்கொண்டு ஸ்வரம் சொல்லி இரண்டாம் காலத்தில் பாடினால், தொண்டை தானாகவே தேவையில்லாத அசைவை உதறிவிடும். எதை உதறியது என்று கவனித்து, அதை விரலுக்குச் சொல்ல வேண்டும். எந்தக் காந்தாரத்துக்கு எத்தனை அசைவு என்று ஸ்வரத்தின் மேல் சின்னக் கோடு போட்டுக்கொள்ளலாம். கமகமே இல்லாமல் கட்டையாக வாசித்து வேகம் பிடித்துவிட்டுப் பிறகு கமகம் சேர்க்கலாம் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். விரல் எங்கே நிற்கிறது என்று பார்க்க அஞ்சு நிமிஷம் செய்தால் தப்பில்லை. வாரக்கணக்கில் செய்தால் கட்டை பைரவி கையில் பதிந்து, பிறகு கமகம் என்பது ஒட்டுப் போட்ட மாதிரி நிற்கும்.

மேல் ஸ்தாயி ஸ்வரங்களில் இன்னொரு கண்ணி. பஞ்சமத் தந்தியிலேயே கை மேலே ஏறும்போது விரல் இடைவெளி சுருங்கும். கீழே ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே 15 மில்லிமீட்டர். மேலே அதுவே 11தான். கீழே பழகிய அகலத்தில் அசைத்தால் மேல் காந்தாரம் மத்யமத்தைத் தாண்டி எகிறும். மேலே போகப் போக எல்லாமே கூர்மையாகக் கேட்கிறது என்று வருந்துகிறவர்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

எரிச்சல் உட்கார்ந்திருக்கும் இடம்

தொடர்ந்து நாலு தடவை தப்பினால் முதலில் மாறுவது மனசு இல்லை, இடது கட்டைவிரல். அது வயலினின் கழுத்தை நெரிக்கும். உட்கார்ந்து வாசிக்கிற நம் முறையில் வாத்தியத்தைத் தாங்குவது மார்பும் கணுக்காலும். இடது கை சும்மா வழுக்கிக்கொண்டு போகத்தான் இருக்கிறது. விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வதே அதற்காக. கட்டைவிரல் இறுகினால் வழுக்கல் நின்றுபோகும், இழுப்பு எல்லாம் வெட்டி வெட்டி வரும். அடுத்து வலது கை. கோபத்தில் வில்லை அழுத்தும். சத்தம் கீச்சிடும். கீச்சிடும் சத்தத்தில் சுருதி சரியாகக் கேட்காது, அதனால் இன்னும் தப்பும், இன்னும் அழுத்தும். இந்தச் சுழலுக்குள் போன பிறகு செய்கிற சாதகம் எல்லாம் நஷ்டக் கணக்கு.

அடையாளங்கள் வெளிப்படையானவை. விரல் நுனியில் தந்தித் தடம் வழக்கத்தைவிட ஆழமாக இருக்கும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், மூச்சு நின்றிருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ஸ்வரத்தை விட்டுவிட வேண்டும், மறுபடி முயன்று பார்க்கவே கூடாது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கீழ் ஷட்ஜத் தந்தியில் நீள வில் இரண்டு நிமிஷம் இழுக்கலாம். அடுத்து அதே வர்ணத்தில் சம்பந்தமே இல்லாத வேறு பகுதி. தடுக்கிய இடத்துக்கு அன்று திரும்பாவிட்டாலும் பரவாயில்லை. இரவு தூங்கி எழுந்து வாசித்தால் முந்தைய நாள் வராதது சில சமயம் கேட்காமலே வந்து நிற்கும். கை தன் பாடத்தை அசை போட நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அசை போடுவது முந்தைய நாள் கடைசியாகக் கொடுத்ததைத்தான். அதனால் சரியாக வாசித்த மூன்றாவது தடவையோடு நிறுத்துவது, இன்னும் ஒரு தடவை என்று தப்பில் கொண்டுபோய் முடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இவ்வளவும் செய்துவிட்டு வகுப்புக்குப் போகும்போது கேள்வியும் மாறிவிடும். “சார், இந்த எத்துக்கடை ஸ்வரம் வரல” என்றால் சாருக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, பொறுமையா வாசி. “மேல் ஸ-விலேர்ந்து இறங்கும்போது தைவதம் ஏறிப்போகுது சார். முதல் விரலைப் பின்னாடி கொண்டுபோய் வைக்கிறதா, இல்ல இரண்டாம் விரல்லயே நிஷாதத்திலேர்ந்து இழுத்துடறதா?” என்று கேட்டால், அவர் தன் வயலினை எடுத்து அந்த நாலு ஸ்வரத்தை வாசித்துக் காட்டுவார். ஒரே விரலில் இழுப்பவராக இருந்தால் அந்த இழுப்பு மூன்று சென்டிமீட்டர், அது வேறு பயிற்சி. அவர் கையைப் பார்த்து, எந்த விரல் என்று ஸ்வரத்தின் மேல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.